தோல்விக்கு ஒரு வாத்தியார்

சர்ட்டிபிகேட் என்றால் நம்மவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்பது எனக்குத் தெரியும். பிறந்ததற்கு ஒன்று, படித்ததற்கு ஒன்று, இன்ன ஜாதி என்பதற்கு ஒன்று, கடைசியில் செத்ததற்கு ஒன்று என்று காகிதம் வாங்கியே ஆயுளைக் கழிக்கிற ஜனங்கள் நாம். இருந்தாலும் போன மே மாதம் என் பையன் வீட்டுக்குக் கொண்டு வந்தானே ஒரு சர்ட்டிபிகேட், அதைப் போல் ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோடை விடுமுறையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துப் பயிற்சி முகாம் நடந்தது. அதில் கலந்து கொண்டதற்கான சர்ட்டிபிகேட் அது. கெட்டித் தாள், ஓரத்தில் பொன் நிறக் கோடு, மேலே இரண்டு பந்துகள். பெயர், வயது, வகுப்பு எல்லாம் சரியாக இருந்தன. கீழே '21 நாள் பயிற்சி பெற்றார்' என்று அச்சடித்திருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு, முத்து முத்தான கையெழுத்தில் '9 நாள் வந்தான்' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். அது நான்கு நாள். பெருந்துறையில் ஒரு கல்யாணம். அது மூன்று நாள். மற்ற நாட்களில் பையனுக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பணத்தை முழுசாகத்தானே கட்டினோம்? முழுப் பணம் வாங்கிக்கொண்டு ஒன்பது நாள் என்று எழுதுகிறவன் என்ன வாத்தியார்? என் மனைவி கோபத்தில் கலந்துகொள்ளவில்லை. "அவர் எழுதினதில் எது பொய்?" என்று மட்டும் கேட்டாள். இம்மாதிரிக் கேள்விகள் கோபத்தை அதிகமாக்குமே தவிரக் குறைக்காது. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கே சண்டை போடக் கிளம்பினேன்.

சண்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மாத காலம், ஓரிரண்டு நாள் தவிர, தினமும் அந்த மைதானத்துக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்ததை வைத்துக்கொண்டு இன்று வேறொரு சண்டை போடப் போகிறேன். அது அந்த மாஸ்டரோடு அல்ல, உங்களோடும் என்னோடும்.

நான் போனபோது மனுஷர் தனியாக மைதானத்தைப் பெருக்கிக் கொண்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் கோடை மழை பெய்து, சிமென்டுத் தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. வேப்பம்பூவும் சருகும் அதில் மிதந்தன. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தினார்.

"வாங்க சார். தம்பி சர்ட்டிபிகேட் விஷயமாத்தானுங்களே?"

"ஆமாம்" என்றேன் விறைப்பாக.

"நான் கணக்குத் தப்பா எழுதிட்டனுங்களா? பத்து நாள் வந்தானுங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டு, பைக்குள்ளிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார்.

"இல்லை, ஒன்பதுதான்."

"அப்பச் சரிங்க" என்று பதிவேட்டை உள்ளே வைத்துவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தார். இதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

முகாம் முடிந்திருந்தாலும் அவருக்கு வேலை முடியவில்லை. ஊரில் நடக்கவிருந்த ஒரு கோடைப் போட்டிக்காகப் பதினாறு வயதுக்கு உட்பட்ட பன்னிரண்டு பெண் குழந்தைகளைத் தயார் செய்து கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். பெருக்கி முடித்ததும் பந்துகளைப் பார்ப்பார். மொத்தம் ஒன்பது பந்து. அதில் மூன்று ராத்திரிக்குள் காற்று இறங்கிவிடும். ஊசியைத் தண்ணீரில் நனைத்துச் சொருகிக் காற்றடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஒண்டிப்புதூரிலிருந்து சைக்கிளில் ஒருத்தி, இருகூரிலிருந்து அண்ணன் வண்டியில் ஒருத்தி, டவுன் பஸ்ஸில் நாலைந்து பேர். பெயர் கூப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருத்தியையும் "என்ன சாப்பிட்டே அம்மணி?" என்று கேட்பார். "வரக்காப்பி சார்" என்கிறவளுக்கு அவருடைய டிபன் கேரியரிலிருந்து வேகவைத்த தட்டைப்பயறு ஒரு கை கிடைக்கும்.

பிறகு ஓட்டம். பிறகு இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவது. வலது கைக்காரப் பிள்ளைகளுக்கு அது பெரிய தண்டனை. பிறகு இரண்டே அடி வைத்து எழும்பிப் பந்தைப் பலகையில் பட்டுக் கூடைக்குள் விழச் செய்வது. மூன்றாவது அடி வைத்தால் தப்பு. கூடையின் வளையம் தரையிலிருந்து பத்தடி. பலகைக்குப் பதினைந்தடி தூரத்தில் ஒரு கோடு. அங்கே நின்று ஆளுக்குப் பத்துப் பந்து எறிய வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் இடிக்க மாட்டார்கள், அவளும் வளையமும்தான். அந்த எறிதலில்தான் அழுகை வரும். ஏனென்றால், அது விழாவிட்டால் யார் மேலும் பழி போட முடியாது.

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவளுக்கு டெட்டால் போட்டு, ஷூ பிய்ந்தவளுக்கு நூல் கோத்துக் கொடுத்து, இரண்டு பேர் சண்டையைத் தீர்த்து வைத்து, எட்டு மணிக்கு அவர்களை அனுப்பிவிட்டால் கைபேசி அடிக்க ஆரம்பிக்கும். எல்லாம் பெற்றோர். என் பெண்ணை ஏன் உட்கார வைத்தீர்கள், அவள் பெண்ணை ஏன் முதலில் இறக்கினீர்கள், வெயிலில் கறுத்துப் போகிறாளே, இதனால் காலேஜில் சீட்டு கிடைக்குமா, கிடைக்காதா? அத்தனைக்கும் "சரிங்க", "ஆமாங்க", "பாக்கறனுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு ஒரு பம்புசெட் கடையில் கணக்கெழுதப் போவார். நாலரைக்கு மறுபடியும் மைதானம். ராத்திரியில் சட்டைகளில் நம்பர் தைக்கிற வேலை, வேன் வாடகை பேசுகிற வேலை.

பம்புசெட் கடை எதற்கு என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அவர் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். 2012-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை போன்றவற்றுக்கு 16,549 பேரை இப்படி நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பல போராட்டங்களுக்குப் பிறகு அது 2021-இல் 10,000 ஆயிற்று. அப்புறமும் கொஞ்சம் ஏறிற்று. மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை என்பது நியமனத்தோடு வந்த ஏற்பாடு. அந்த ஒரு மாதச் சம்பளத்துக்காக அவர்கள் வருஷக் கணக்கில் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: எந்த மாதத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இவரைத் தேடி வருகிறார்களோ, அந்த மாதத்துக்குத்தான் இவருக்குச் சம்பளம் கிடையாது என்று எழுதி வைத்தார்கள்.

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். அதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கும் சௌகரியம். ஆனால் நாம் என்ன செய்தோம்? 'டிரில் மாஸ்டர்' என்று சொல்லும்போதே நம் உதட்டில் ஒரு சிரிப்பு வருகிறதே, அது அரசாங்கம் வரவழைத்ததா? சினிமாவில் அவர் கோமாளி. பள்ளிக்கூடத்தில், கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியாமல் போனால் கடன் கொடுக்க வேண்டிய வகுப்பு அவருடையது. கொடுத்த கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. விடுமுறையிலோ, நமக்குத் தொந்தரவில்லாமல் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிற ஆயா. கடைசி நாளில் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுக்கிற குமாஸ்தா. ஆயா, குமாஸ்தா, கோமாளி எல்லாமாகவும் அவரைப் பார்த்திருக்கிறோம். வாத்தியாராக மட்டும் பார்த்ததில்லை.

இந்தக் கூடைப்பந்தையே கண்டுபிடித்தது ஒரு டிரில் மாஸ்டர்தான். 1891-ஆம் வருஷம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரிடம் குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத முரட்டு மாணவர்கள் 18 பேரை ஒப்படைத்தார்கள். அவர் இரண்டு பீச் பழக் கூடைகளை வாங்கி, பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். உலகம் முழுவதும் ஆடுகிற ஆட்டம் ஒரு வாத்தியாரின் வகுப்பறைத் தொல்லையிலிருந்து பிறந்தது. நம் சென்னையிலும், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இலேயே உடற்கல்விக்கென்று ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியை ஆரம்பித்தார். இது ஒரு வித்தை, இதற்கும் படிப்பு வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இந்த மண்ணில் சொல்லிவிட்டார். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது தெரியாததல்ல. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கு வங்கி அணியும் கடற்படை அணியும் வந்து ஆடும்போது கூட்டம் கூட்டமாகப் போய்க் கை தட்டுகிறோம். ஆறடி உயரத்தில் வந்து இறங்குகிறவர்களை நாம் ரசிக்கிறோம். அவர்களும் ஒரு காலத்தில் வரக்காப்பி குடித்துவிட்டு வந்து இடது கையால் பந்தைத் தட்டத் தெரியாமல் அழுதவர்கள்தான் என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். விளையாட்டு வாத்தியார் என்ன சொல்லிக் கொடுக்கிறார்? ஜெயிப்பதற்கு என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாஸ்டர்தான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார். தோற்றால் வெளியே என்ற முறையில் நடக்கிற போட்டியில் 16 அணிகள் சேர்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 ஆட்டங்கள். 15 அணிகள் தோற்றுத்தான் வீடு திரும்ப வேண்டும். ஒரே ஓர் அணிதான் கடைசி வரை தோற்காமல் போகும். "ஒருத்தருக்குக் கோப்பை குடுத்துட்டுப் பதினஞ்சு பேரை அழ வெக்கறதுதானுங்க சார் போட்டி. அந்தப் பதினஞ்சு பேரை என்ன பண்றதுன்னு தெரியறவன்தான் கோச்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு நாம் எல்லாவற்றுக்கும் வாத்தியார் வைக்கிறோம். கணக்குக்கு, ஹிந்திக்கு, வீணைக்கு, டாக்டர் பரீட்சைக்கு, எல்லாவற்றுக்கும். அத்தனை பேரும் ஜெயிப்பதற்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள். தோற்றால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க யாரை வைத்திருக்கிறோம்? வருஷா வருஷம் பரீட்சை முடிவு வருகிற வாரத்தில் பத்திரிகையைப் பிரிக்கப் பயமாக இருக்கிறதே, ஏன்? அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. தோற்ற மறுநாளும் சூரியன் உதிக்கும், தோற்றவர்களுக்கும் ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள், 'ஆஜர்' சொல்லலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்கிற ஒரே வாத்தியாரைத்தான் நாம் ஆயா என்றும் குமாஸ்தா என்றும் வைத்திருக்கிறோம்.

சொன்னால் மட்டும் போதாது. தினமும் பழக்க வேண்டும். பதினைந்தடிக் கோட்டில் நின்று பத்துக்கு எட்டைத் தவற விட்டவளை அவர் திட்டவும் மாட்டார், தடவிக் கொடுக்கவும் மாட்டார். "எத்தனை?" என்பார். "ரெண்டு சார்." "நேத்து?" "ஒண்ணு சார்." "போ, தண்ணி குடி." அவ்வளவுதான். தன் தோல்வியைத் தன் வாயால், கூசாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் பழக்குகிறார். ஒன்பது நாள் வந்தவனுக்கு ஒன்பது நாள் என்று எழுதிக் கொடுத்ததும் அதே பாடத்தின் தொடர்ச்சிதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பையனுக்கு அது முதல் நாளே விளங்கியிருந்தது. விளங்காமல் குதித்தவன் அப்பன்.

அப்பன்மாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மைதானத்து வேலிக்கு வெளியே நாலைந்து பேர் எப்போதும் நிற்பார்கள். ஒரு கையில் கைபேசி, படம் பிடிக்க. வாய், சத்தம் போட. "எறி! எறி! அவளுக்குக் கொடுக்காதே!" ஒரு நாள் மாஸ்டர் ஒருவரிடம் வந்து தணிவாகச் சொன்னார்: "அண்ணா, நீங்க கத்துனா பாப்பா உங்களப் பாக்குது. பந்தப் பாக்க மாட்டேங்குது."

இது நம் ஊர்த் தகப்பன்மாருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கோடை காலத்தில் தெருவுக்குத் தெரு பேஸ்பால்தான். நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரத்து உறவு மாதிரி ஓர் ஆட்டம். பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில், கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939-இல் குழந்தைகளுக்கென்று மூன்று அணிகளோடு 'லிட்டில் லீக்' என்று ஆரம்பித்தார். இன்று அது உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அதில் ஒரு விதி உண்டு. அணியில் சேர்ந்த குழந்தை, எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி, ஆட்டத்துக்கு ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும். எதிரணியில் ஆறு பேர் ஆட்டமிழக்கும் வரை களத்தில் நிற்க வேண்டும். பந்து வீசுகிற குழந்தை ஒரு நாளில் வயதுக்குத் தக்க இத்தனை பந்துதான் வீசலாம் என்று 2007-இல் ஒரு வரம்பும் போட்டார்கள். குழந்தைகளிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றவா இந்த விதிகள்? ஜெயித்தே தீர வேண்டும் என்று துடிக்கிற பெரியவர்களிடமிருந்து காப்பாற்றத்தான்! அங்கே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தச் சட்டமும் இல்லை. மாஸ்டரின் "அண்ணா"தான் இருக்கிறது.

இப்போது நான் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி கெட்டிக்காரி. அவள் கையில் பந்து வந்தால் மற்றப் பதினோரு பேருக்கும் முகம் மலரும். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மாஸ்டர் அவள் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

தகப்பனார் வீட்டை ஒட்டியே லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டார், மோர் வந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். அவ பத்தாவது போறாளுங்க. டியூசன் சேர்த்திருக்குது. இனி இதெல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டம்ங்க."

"படிக்கட்டும்ங்க. காலையில ஒரு மணி நேரம் மட்டும் அனுப்புங்க. போட்டி கூட வேண்டாம், அப்பறம் பாத்துக்கலாம்."

"பொம்பளப் புள்ளைங்க. இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்று உள்ளேயிருந்து அப்பத்தா சொன்னாள்.

மாஸ்டர் பட்டறையைப் பார்த்தார். "உங்க பட்டறையில புதுப் பையன் ஒருத்தன் ஜாப்பைக் கெடுத்துப் போடறானுங்க. அடுத்த நாள் வர வேண்டாம்னு சொல்லிருவீங்களா?"

"அதெப்படிங்க? நாலு கெடுத்தாத்தான் அஞ்சாவது ஒழுங்கா வரும்."

"அதையேதானுங்க நானும் சொல்லிக் குடுத்துட்டு இருக்கறேன்."

தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. அவர் மனசு அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். கதையெல்லாம் எழுதறவரு, நாலும் தெரிஞ்சவரு" என்றார்.

கதவோரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிப்பும் முக்கியம்தான்" என்றேன்.

பொய் ஒன்றுமில்லை, படிப்பு முக்கியம்தான். யாருக்கும் மனஸ்தாபம் வராமல், எல்லாருக்கும் நல்லவனாக இருக்க நாம் சொல்கிற வார்த்தைகளில் அதுவும் ஒன்று. தகப்பனாருக்கு அது போதுமானதாக இருந்தது. "பாத்தீங்களா" என்று மாஸ்டரிடம் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும் வழியில் மாஸ்டர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினோரு பேரோடு போட்டிக்குப் போனார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். சொல்லிக்கொள்ளும்படியாக அல்ல, நன்றாகவே தோற்றார்கள். வேனில் வரும்போது சில பேர் அழுதார்கள். மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்கோர் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நாளைக்கு ஆறு மணி."

மறுநாள் எனக்குத் தூக்கம் கொள்ளவில்லை. ஐந்தே முக்காலுக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். போட்டி முடிந்துவிட்டது, இனி வர வேண்டிய அவசியமே இல்லை. ஆறு மணிக்கு ஒண்டிப்புதூர் சைக்கிள் வந்தது. அப்புறம் ஒருத்தி, அப்புறம் இரண்டு பேர். ஆறே காலுக்குள் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் பெயர் கூப்பிட்டார். பன்னிரண்டாவது பெயரையும் கூப்பிட்டார். "வரலைங்க சார்" என்று ஒரு குரல் வந்தது. ஒரு கோடு போட்டுக்கொண்டு பதிவேட்டை மூடினார். அவள் நின்ற நாளிலிருந்து ஒரு நாள் கூட அந்தப் பெயரை அவர் கூப்பிடாமல் விட்டதில்லை.

அந்தப் பதினோரு பேர்தான் அவருடைய பரீட்சை முடிவு. கோப்பையில்லை, சர்ட்டிபிகேட் இல்லை, பத்திரிகையில் படமில்லை. தோற்ற மறுநாள் காலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் ஒரு விளையாட்டு வாத்தியாரை அளக்கிற அளவுகோல் என்று நான் சொல்கிறேன்.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில், பி.டி. உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். தேசமே பெருமூச்சு விட்டது, இன்றும் விட்டுக்கொண்டிருக்கிறது. அவருடைய பள்ளிப் பருவத்திலிருந்து பயிற்சி கொடுத்த ஓ.எம். நம்பியார் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? மறு வருஷமே, 1985-இல், ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கப் பதக்கம் வாங்கினார். அதே வருஷம் ஆரம்பித்த துரோணாச்சாரியார் விருதின் முதல் வரிசையில் நம்பியாரும் ஒருவர். நூறில் ஒரு பங்கு விநாடியை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு மறுநாள் காலையை ஞாபகம் வைத்துக்கொண்டவர் அந்த வாத்தியார்.

"எல்லாம் சரி, விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். போடாது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி கூட இந்தியாவுக்கு ஆடப் போவதில்லை என்று மாஸ்டரே சொல்கிறார். ஏழு வருஷம் பாட்டுச் சொல்லிக் கொடுத்தோமே, அது சோறு போடும் என்றா? காலேஜில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடம் கிடைத்தால் சந்தோஷம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்காகவே மைதானத்துக்கு அனுப்புகிறவர்கள், அது கிடைக்காது என்று தெரிந்த அன்றைக்கே பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். அதாவது, தோற்றால் ஓடிவிட வேண்டும் என்ற பாடத்தை அப்பாவும் அம்மாவுமே முதலில் நடத்திக் காட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் எந்த வாத்தியார் வந்து என்ன செய்ய முடியும்?

"பத்தாம் வகுப்பு ஆயிற்றே?" என்பது இன்னொரு கேள்வி. ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தை மைதானத்துக்குக் கொடுத்ததால் பத்தாவதில் கெட்டுப் போன குழந்தையை எனக்குக் காட்டுங்கள். மிச்ச மணி நேரத்தில் கைபேசி எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை நாம் கேட்பதில்லை. பையன் என்றால் ஒரு நியாயம், பெண் என்றால் இன்னொரு நியாயம் என்பதையும் மறைக்க வேண்டாம். அந்தப் பெண்ணின் தம்பி ஏழாவது படிக்கிறான். கிரிக்கெட் ஆடப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். அவனும் ஒரு நாள் பத்தாவதுக்கு வருவான். அப்போது அவனை நிறுத்துகிறார்களா என்று பார்க்கிறேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. பணம் கட்டினால் பிள்ளையை முழுசாக அனுப்புங்கள். கல்யாணமும் ஊட்டியும் எங்கும் ஓடிவிடாது. வேலிக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள்; "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, கணக்கு வாத்தியாரைச் சுற்றி நிற்கிற கூட்டத்திலிருந்து ஓர் ஐந்து நிமிஷம் விலகி, மூலையில் தனியாக நிற்கிற உடற்கல்வி ஆசிரியரிடம் போய் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத நாலு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு மே மாதமும் வயிறு உண்டு என்பதை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு தடவையாவது சொல்லுங்கள். யாராவது உங்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, நாலும் தெரிஞ்சவரு" என்று கேட்டால், தயவு செய்து, நான் சொன்னதைச் சொல்லாதீர்கள்.

பட்டறைக்காரரிடம் நான் மறுபடி போனேன். இந்தத் தடவை சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "பத்தாவது முடியட்டும்ங்க சார், பாக்கலாம்" என்றார். அவர் பார்ப்பாரா என்பது எனக்குத் தெரியாது. மாஸ்டர் பெயர் கூப்பிட்டுக் கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குச் சட்டம் போட்டு என் எழுத்து மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிற சித்திரையில் பையனை மறுபடி அனுப்பப் போகிறேன். இருபத்தொரு நாளும் அவன் வருகிறானா என்று பார்க்க நானும் கூடப் போவேன். நீங்களும் வாருங்கள். வேப்பமரத்தடியில் நிழல் நிறைய இருக்கிறது. பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.